இன்னும் சேராத மாணவிக்கு

பல்கலைக்கழக வளாகத்துக்கு நீண்டகாலத் திட்டம் போட உட்காரும் எந்தக் கூட்டத்திலும் முதலில் ஓர் எண்ணைத்தான் கேட்பார்கள். இருபது வருஷம் கழித்து எத்தனை பேர் படிப்பார்கள்? அதைச் சொன்னால்தான் வகுப்பறை, விடுதி, ஆய்வுக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் எஸ்டிமேட் போட முடியும். எண் இல்லாமல் வேலை நகராது என்பது உண்மை. ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை தெரிந்தவர்கள் அந்த எண்ணின் மேல் பெரிய பாரத்தை ஏற்றத் தயங்குவார்கள்.

1970இல் அதன் சேப்பாக்கம் வளாகத்தில் உட்கார்ந்து ஒருவர் 2000ஆம் ஆண்டுக்கான திட்டத்தை வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரர், நேர்மையானவர். பொறியியலும் மருத்துவமும் சட்டமும் அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. அவர் கணக்கில் மூன்றும் இடம்பெற்றிருக்கும். 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் வந்ததும் பொறியியல் பிரியத் தொடங்கியது. எண்பதுகளின் கடைசியில் மருத்துவத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. தொண்ணூறுகளில் சட்டத்துக்கும் அமைந்தது. கோவையிலும் திருச்சியிலும் நடந்துவந்த முதுநிலை மையங்கள் 1982இல் பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களாயின. இதற்கு நடுவே 1981இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. தினசரி வகுப்பறையே கேட்காத மாணவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பாடப் புத்தகங்களை அடுக்கிவைக்க ஓர் அறை, கட்டுக் கட்டாகத் தபாலில் அனுப்ப ஆள், பரீட்சைக்கு ஹால். நம் கெட்டிக்காரரின் வரைபடத்தில் இவர்களில் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது.

அப்படியானால் திட்டம் எதற்கு? அதே பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. ராபர்ட் சிசம் வடிவமைத்து, 1874இல் தொடங்கி 1879இல் முடித்த கட்டடம். பட்டமளிப்புக்கும் செனட் கூட்டத்துக்கும் என்று கட்டியது. 1937இல் தேர்தல் முடிந்து புதிய சட்டமன்றம் கூட இடம் தேடியபோது, சில மாதங்கள் இந்தக் கூடத்தில்தான் கூடியது. சிசம் கனவிலும் நினைத்திருக்க முடியாத வேலை அது. உயர்ந்த கூரையும் அகலமான தாழ்வாரமும் காற்று ஓடும் வழியும் இருந்ததால் கட்டடம் அதற்கும் ஈடுகொடுத்தது. ஒரே வேலைக்கென்று அளவெடுத்துக் கட்டிய அறை, அந்த வேலை போனதும் ஸ்டோர் ரூம் ஆகிவிடுகிறது. உடைந்த பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டிவிடுகிறோம்.

அந்தச் செனட் ஹவுஸே பின்னாளில் சிதைந்து கிடந்தது. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டிப் பெரும் பாடுபட்டுச் சீரமைத்தார்கள். நல்ல வேளை. ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் நூற்றைம்பதாம் ஆண்டு விழா வராது.

மொட்டை மாடியில் நடப்பதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை. மழைநீர் இறங்கும் குழாயின் வாயை வேப்பஞ்சருகு அடைக்கிறது. தண்ணீர் இரண்டு நாள் தேங்குகிறது. தட்டோட்டு இடுக்கில் காக்கை போட்ட அரச விதை முளைக்கிறது. முதல் வருஷம் இரண்டு விரலால் பிடுங்கி எறிந்துவிடலாம். மூன்றாம் வருஷம் கடப்பாறை வேண்டும். பத்தாம் வருஷம் வேர் கைப்பிடிச் சுவரைப் பிளந்து உள்ளே இறங்கியிருக்கும். சாரம் கட்ட வேண்டும், டெண்டர் விட வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருக்கும், மேலிருக்கும் கான்கிரீட் வெடித்து உதிரும். அந்தச் செடியைப் பார்த்தும் பார்க்காமல் போனவர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். காரை விழுவது அவர் முகம்கூடப் பார்த்திராத ஒரு பிள்ளையின் மேசையில்.

புதுக் கட்டடத்துக்குக் கேட்டால் பணம் வரும். பல்கலைக்கழக மானியக் குழு ஐந்தாண்டுத் திட்டங்கள் வழியாகப் பணம் தந்த காலத்திலும் இப்படித்தான். கட்டி முடித்தபின் ஆகும் மின்கட்டணமும் காவலாளி சம்பளமும் தளம் ஒழுகினால் ஆகும் செலவும் மாநிலத்தின் பாடு, பல்கலைக்கழகத்தின் பாடு. பராமரிப்புக்குக் கல்வெட்டு வைப்பதில்லை. தளத்தைச் சரிபார்த்த நாளுக்கு அமைச்சரை அழைத்து ரிப்பன் வெட்டுவதும் இல்லை. ஐம்பது வருஷம் நிற்கும் ஒரு கட்டடத்துக்குக் கட்டும் செலவைவிட வைத்துக் காக்கும் செலவே அதிகம் என்பது பொறியாளர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் வரவு செலவில் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

வளாகம் ஒன்றாக இருந்தால் சங்கடம் இவ்வளவோடு போகும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, சேத்துப்பட்டு, மதுரவாயல் என்று இடங்கள் பிரிந்து கிடக்கின்றன. பல இடங்களில் இயங்கும் எந்த நிறுவனத்திலும் ஒரு வழக்கம் உண்டு. தலைமை அலுவலகத்தில் ஒழுகினால் அன்றைக்கே பக்கெட் வரும், மறுநாள் மேஸ்திரி வருவார். தொலைவிலிருக்கும் வளாகத்தில் ஒழுகினால் ஒரு கடிதம் கிளம்பும். யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. கண்ணில் படுவதுதான் மனதிலும் படுகிறது. அதனால்தான் எல்லா வளாகங்களின் தளமும் குழாயும் வயரிங்கும் ஒரே பதிவேட்டில், வயதோடும் கடைசியாகப் பழுதுபார்த்த தேதியோடும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். எது அதிக ஆபத்தில் இருக்கிறதோ அதற்கு முதல் பணம், அது துணைவேந்தர் அறையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் சரி.

காலி நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் காலி இடம் கண்ணில் பட்டால் உடனே நாலு பேர் யோசனை சொல்வார்கள். சும்மாதானே கிடக்கிறது என்பார்கள். சும்மா கிடக்கவில்லை என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம். தண்ணீர் இறங்க மண் வேண்டும், வடிய வழி வேண்டும். ஊருக்கும் அதில் பங்கு உண்டு, வளாகத்தின் கணக்கு மதிற்சுவரோடு முடிவதில்லை. 1995இல் சேப்பாக்கம் வந்த பறக்கும் ரயில் 2007இல் தரமணியைத் தொட்டபோது, நகரத்துக்காகப் போட்ட பாதை இரண்டு வளாகங்களையும் சேர்த்துவைத்துவிட்டது. எங்கே என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, வருவதற்கு இடம் வைத்திருப்பதே பெரிய காரியம்.

கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. துறைத்தலைவருக்கு இடம் வேண்டும். துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு, அதற்குள் ஏதாவது எழும்பி நிற்க வேண்டும். அரசுக்கு அடுத்த தேர்தலுக்கு முன் திறப்பு விழா வேண்டும். எதுவும் தப்பில்லை. ஆனால் 2050இல் சேரப்போகிற பெண்ணுக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது. அவள் படிக்கப்போவது நாம் இன்று கேள்விப்படாத ஒரு துறையாக இருக்கலாம். பொதுச் சொத்து என்கிறோமே, அதில் அவளுக்கும் நமக்கு இருக்கிற அதே பங்கு உண்டு. நீண்டகாலத் திட்டம் என்று நாம் செய்யக்கூடியது கடைசியில் அவளுடைய முடிவை அவளே எடுக்கும்படி விட்டுவைப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒழுகாத தளம், அடைபடாத வடிகால், கைவைக்காத நிலம், எந்த வேலைக்கும் வளைந்துகொடுக்கும் சில பெரிய கூடங்கள். நம் ஆசைகளைக் கான்கிரீட்டாக ஊற்றி அவள் தலையில் கட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

இப்படி விட்டுவைத்தவர்களுக்குப் பேர் கிடைக்காது. கோவை மையத்தைத் தொடங்கி நடத்திய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இன்று மருதமலை அடிவாரத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகத்தில் அதிகாரம் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து உத்தரவு வரக் காத்திருக்காமல் தன் பாடத்திட்டத்தையும் தன் கட்டடங்களையும் அது தானே தீர்மானித்துக்கொள்கிறது. அங்கே இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைக்கு இந்தப் பழைய கணக்கு தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.