எல்லையுள்ள உலகும் எல்லையில்லாக் காலமும்

காலம் எப்போது தொடங்கிற்று? உலகம் எங்கே முடிகிறது? இவ்விரு வினாக்களையும் நம் இல்லத்துச் சிறுவர்கள் ஏதேனும் ஒரு வயதில் கேட்காமல் இருப்பதில்லை. 'உலகம் அநாதி, காலமும் அநாதி, படைத்தவர் எவருமிலர்' என்று விடையிறுத்துவிட்டு நாமும் வேறு அலுவல் பார்க்கப் போய்விடுகிறோம். சென்ற சித்திரைத் திங்களில் மரக்காணத்து உப்பளக் கரையில் இதே வினா எம்மிடம் வேறொரு வடிவில் வந்தது. அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் சேர்த்து வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

திண்டிவனத்தில் வாழும் எம் நண்பரின் தந்தையார் அவ்வாண்டு மாசியில் இயற்கை எய்தினார். எண்பத்திரண்டு வயது. இறுதி நாள்களில் உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பஞ்ச நமஸ்காரத்தைச் செவிமடுத்தபடியே சென்றவர். பொறியியல் பயிலும் பெயரன் விடுமுறைக்கு வந்தவன், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவித்தான். அவனையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் பிற்பகல் மரக்காணம் சென்றோம்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில்தான் வந்து முடிகிறது. சாலையின் இருமருங்கும் உப்பளங்கள். களிமண் வரப்பு கட்டிய பாத்திகளில் உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் அது வற்றி உப்புப் பூத்தபின், நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் குவிக்கின்றனர். தைத் திங்களுக்குப் பின் தொடங்கும் இவ்வேலை ஐப்பசி மழையுடன் முடிந்துவிடும். மழையில் பாத்தி முழுதும் நீராகிவிடும். மறுபடியும் தையில் வரப்புக் கட்டுவர்.

அக்குவியல்களைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்: "மாமா, தாத்தா இதற்கு முன் எண்ணிலாப் பிறவிகள் எடுத்தவர், இனியும் எடுக்கக் கூடியவர் என்கிறீர்கள். காலத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அப்படியானால் அவர் வாழ்ந்த எண்பத்திரண்டு ஆண்டு எதற்குச் சமம்? எந்த எண்ணையும் முடிவிலியால் வகுத்தால் பூச்சியம்தானே?"

கணக்குப் படித்த பிள்ளையின் கேள்வி. துயரத்தில் எழுந்ததாயினும் கணக்கில் பிழையில்லை. ஆகவே ஆறுதல் மொழி கூறி அதை ஒதுக்கிவிட எமக்கு மனம் வரவில்லை.

உலகம் எல்லையுடையதா, எல்லையற்றதா என்ற வினா மகாவீரர் காலத்திலேயே மிகப் பெரிதாகப் பேசப்பட்டது. கௌதம புத்தரிடம் மாலுங்கிய புத்தர் இதைக் கேட்டபோது அவர் விடை கூற மறுத்துவிட்டார். நச்சம்பு தைத்தவன் அதை எய்தவன் யார், எக்குலத்தான் என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் அதற்குள் மாண்டுபோவான் என்பது அவர் காட்டிய உவமை. நம் பகவானோ விடை கூறினார். சுவேதாம்பரர் போற்றும் பகவதி சூத்திரத்தில் வரும் செய்தி இது: சிராவஸ்தி நகரில் வாழ்ந்த ஸ்கந்தகர் என்னும் பரிவிராசகர் இவ்வினாவுக்கு விடை அறியாமல் மகாவீரரை நாடி வந்தார். பகவான், 'எந்த நோக்கில் கேட்கிறாய்?' என்னும் பொருள்பட நான்காகப் பிரித்து விடையளித்தார். திரவியத்தால் உலகம் ஒன்று, ஆகவே எல்லையுடையது. க்ஷேத்திரத்தால், அதாவது பரப்பால், மிகப் பெரிதாயினும் அதுவும் எல்லையுடையதே. காலத்தால் அது இல்லாதிருந்த நாளும் இல்லை, இல்லாமற்போகும் நாளும் இல்லை, எல்லையற்றது. பாவத்தால், அதாவது அதனுள் நிகழும் மாறுதல்களால், அதுவும் எல்லையற்றது. அநேகாந்தம் என்று நாம் மேடைதோறும் பேசுவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்பது எம் கருத்து. யானையும் குருடரும் கதை நமக்குப் போதுமென்று இருந்துவிட்டோம்.

பரப்பால் உலகம் முடிகிறதென்றால் அங்கே சுவர் இருக்கிறதா? கிரேக்க நாட்டு ஆர்க்கிட்டஸ் என்பவர் இதைத்தான் கேட்டார்: உலகின் விளிம்பில் நின்று கையை அப்பால் நீட்டினால் நீளுமா, நீளாதா? நீளுமானால் அது விளிம்பன்று. நீளாதெனின் தடுப்பது ஏதோ அப்பால் இருக்கிறது. நம் ஆசாரியர்கள் கூறும் விடை நுட்பமானது. பதினான்கு ரஜ்ஜு உயரமும் 343 கன ரஜ்ஜு கொள்ளளவும் உடைய உலகத்துக்கு அப்பாலும் ஆகாயம் உண்டு. அதுவே எல்லையற்ற அலோகாகாசம். ஆயினும் அசைவுக்குத் துணையாகும் தர்ம திரவியம் அங்கே இல்லை. மீன் நீந்துவதற்கு நீர் துணையாவது போல் அது உயிருக்கும் புத்கலத்துக்கும் துணையாவது. நீர் முடியுமிடத்தில் மீன் நிற்பது எவரும் அதைத் தடுத்ததால் அன்று. ஆர்க்கிட்டஸின் கையும் அவ்வாறே நீளாது. உப்பளத்து வரப்பு ஒருவர் கட்டியது. உலகின் விளிம்பு எவரும் கட்டாதது. ஆகவேதான் எல்லையைச் சொல்லியும் எல்லை கட்டியவனை நாம் தேட வேண்டியதாயிற்றில்லை.

இனிக் காலத்துக்கு வருவோம். பொன்னூர்மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்தாசாரியர், தம் பஞ்சாஸ்திகாயத்தில் உயிர், புத்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம் என்னும் ஐந்தையே அஸ்திகாயம் என்றார். இந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1920இல் வெளியிட்டதைப் பெரியோர் அறிவர். காலம் திரவியமே எனினும் அஸ்திகாயம் அன்று. ஏன்? காலாணுக்கள் ஒன்றோடொன்று கூடி உடம்பாவதில்லை. உலகாகாயத்தின் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒவ்வொரு காலாணு தனித்தனியே நிற்கிறது. இதற்கு ரத்தினக் குவியலை உவமை கூறுவர். கண்முன் இருந்த உப்புக் குவியலைக் காட்டி, 'இதுபோல' என்று பெயரனிடம் கூறினோம். உடனே அவன், உப்பு ஈரம் பட்டால் ஒட்டிக் கட்டியாகிவிடுமே என்றான். உண்மை, முனிவர்கள் உப்பைச் சொல்லாமல் ரத்தினத்தைச் சொன்னதன் காரணம் அப்போதுதான் எமக்கும் விளங்கிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. காலாணுக்கள் அசங்கியாதம், அதாவது எண்ணற்கு அரியன. ஆனால் முடிவில்லாதன அல்ல. அவை கொண்டுவரும் சமயங்களோ அநந்தம். காலத்துக்குள்ளேயே எல்லையும் எல்லையின்மையும் இவ்வாறு அமைகின்றன. எண்ணற்கு அரியதையும் முடிவில்லாததையும் வேறுவேறாகப் பிரித்தறிந்தது நம் முன்னோர் செய்த பெருஞ்செயல். ஒரு யோசனை அகலமும் ஆழமும் உள்ள குழியில் இனிப் பிளக்க முடியாத நுண்மயிர்த் துணுக்குகளை நிரப்பி, நூறாண்டுக்கு ஒன்றாக எடுத்து, குழி வெறுமையாகும் காலம் வியவகார பல்லியம். அதிலிருந்து படிப்படியாகப் பெருகி வருவது, கடலை உவமையாகக் கொண்ட சாகரோபமம். பத்துக் கோடாகோடி சாகரம் ஓர் அவசர்ப்பிணி. தலை சுற்றும் எண்தான். ஆயினும் அது முடிகிற எண். உத்சர்ப்பிணி தொடர்கிறது, மீண்டும் அவசர்ப்பிணி. முடியாதது அச்சுழற்சி மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு சொல். வானியலார் இன்று அண்டம் விரிவடையத் தொடங்கி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு ஆயிற்று என்கின்றனர். 1929இல் ஹப்பிள் கண்ட விரிவும், 1965இல் வெளியான நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சுச் செய்தியும் அதற்கு வலிய சான்றுகள். அதற்கு முன்பு 1948இல் ஃபிரெட் ஹாயில் முதலியோர் தொடக்கமற்ற அண்டம் என்னும் கொள்கையை முன்வைத்தனர். நம் நாட்டு ஜயந்த் நார்லிகர் (1938–2025) அதைத் தம் வாழ்நாள் முழுதும் பலவாறு வளர்த்தார். அறிவியலாரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 'அறிவியலும் நம் ஆகமத்தை ஒப்புக்கொண்டுவிட்டது' என்று 1948இல் ஒருவர் மகிழ்ந்திருந்தால், 1965இல் அவர் என்ன செய்திருப்பார்? இவ்வகை மகிழ்ச்சி நமக்கு வேண்டாம். விரிவு தொடங்கியதற்கு முன் என்ன இருந்தது என்பதையும், அண்டம் முழுதும் எல்லையுடையதா என்பதையும் அறிவியல் இன்னும் முடிவு செய்யவில்லை. மேருவையும் ஜம்புத்வீபத்தையும் தொலைநோக்கியில் தேடுவதும் வீண். அவற்றைப் பள்ளிப் பாடத்தோடு மோதவிட்டுப் பிள்ளைகளை இரண்டில் ஒன்றைக் கைவிடச் செய்வது அதனினும் தீது.

பெயரனின் வகுத்தல் கணக்கு இன்னும் நிற்கிறது. அதற்குமுன் அவனே எழுப்பிய மற்றொரு ஐயம்: முடிவில்லாக் காலமாக உயிர்கள் வீடுபேறு அடைந்துகொண்டே இருந்தால் உலகம் என்றோ வெறுமையாகியிருக்க வேண்டுமே? ஆறு திங்களும் எட்டுச் சமயமும் கொண்ட கால அளவில் 608 உயிர்கள் வீடடைகின்றன என்பது நம் நூற்கணக்கு. வரவே இல்லாமல் செலவு மட்டும் நடந்தாலும் எது எக்காலத்தும் தீராதோ அதுவே அநந்தம் என்று வீரசேனாசாரியர் தவளத்தில் விளக்குகிறார். எண் வரிசையில் இரட்டைப்படை எண்களையெல்லாம் நீக்கிவிட்டாலும் ஒற்றைப்படை எண்கள் முடிவின்றி எஞ்சும் என்பதைப் பெயரன் உடனே ஒப்புக்கொண்டான். முடிவிலிகளிலும் சிறிது பெரிது உண்டென்பதை மேனாட்டில் கேண்டர் நிறுவியது 1874இல்தான்.

வகுத்தலுக்கு வருவோம். எண்பத்திரண்டை முடிவிலியால் வகுப்பதற்கு முன், வாழ்க்கை என்பது காலத்தின் ஒரு துண்டு என்று கொள்ள வேண்டும். நாம் அவ்வாறு கொள்வதில்லை. காலம் தானாக எதையும் செய்வதில்லை; குயவன் சக்கரத்தின் அடியில் உள்ள முளைபோல் சுழற்சிக்குத் துணையாவதோடு சரி. சுழற்றுவது அதுவன்று. எத்தனை சாகரம் கழிந்தாலும் காலம் கழிந்ததனாலேயே ஓர் உயிரின் வினை தீராது. அவ்வாறு தீருமாயின், கழிந்துபோன முடிவில்லாக் காலத்தில் எல்லா உயிரும் முன்பே வீடடைந்திருக்கும். நாம் உப்பளக் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

மறுபுறம், உயிருக்கும் வினைக்கும் உள்ள பிணிப்பு அநாதி, ஆயினும் முடியக்கூடியது. தொடக்கமில்லாதது எவ்வாறு முடியும் என்று கேட்பார்க்கு விதையைக் காட்டுவர். ஒரு விதைக்கு முன் மரம், மரத்துக்கு முன் விதை என்று அவ்வரிசை தொடக்கமின்றிப் பின்னே செல்லும். ஆனால் கையிலுள்ள விதையை வறுத்துவிட்டால் அதன் வழி அன்றோடு நின்றது. பரத சக்கரவர்த்தி துறவு பூண்ட அந்தர்முகூர்த்தத்திலேயே கேவலஞானம் எய்தினார் என்பது நம் புராணம். முகூர்த்தம் நாற்பத்தெட்டு நிமிடம்; அந்தர்முகூர்த்தம் அதற்கும் உட்பட்டது. தொடக்கமற்ற பிணிப்பை நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள் முடிக்கலாமென்றால், அந்நிமிடங்களை எதனால் வகுப்பது?

பெயரன் முடிவிலியைக் கீழே வைத்து வகுத்தான். நம் முன்னோரும் அதே முடிவிலியைக் கீழே வைத்தார்கள். விடை மட்டும் வேறு. கடலின் ஒரு கோடியில் நுகத்தையும் மறுகோடியில் அதன் முளையையும் எறிந்தால், இரண்டும் மிதந்து வந்து முளை தானே துளையில் நுழைவது எத்துணை அரிதோ, அத்துணை அரிது மக்கட்பிறவி என்றனர். அதே முடிவில்லாக் காலத்தில்தான், எல்லா உயிரும் எல்லா உயிருக்கும் ஒருகால் தாயாகவும் தந்தையாகவும் இருந்தது என்பதும் வருகிறது. இதைக் கூறியபோது அவன் எங்களை விட்டுவிட்டு, முழங்கால் அளவு உவர்நீரில் வெறுங்காலோடு நின்று பலகை இழுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உப்பும் நிலக்காய உயிர்களின் வரிசையில் எண்ணப்படுவது என்பதை அப்போது கூறலாமா என்று எண்ணி, கூறாமல் விட்டோம்.

திரும்பும் வழியில் செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. இறந்த பெரியவர் ஆண்டுதோறும் தவறாது சென்று வந்த இடம். பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவை ஓர் அவசர்ப்பிணிக்கு உரிய இருபத்துநான்கு. முன்னும் பின்னும் இத்தகைய இருபத்துநான்குகள் அநந்தம். அங்கேயே ஏறத்தாழ 1500 ஆண்டுப் பழமையுள்ள கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறுகிறது. காலம் அநாதி என்பதை ஐயமற நம்பியவர்கள்தாம் அந்த ஐம்பத்தேழு நாளையும் ஒவ்வொன்றாக எண்ணி, எண்ணியதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். "தாத்தா எத்தனை நாள் இருந்தார் என்று அப்பா நாள்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார், எனக்குக் காட்டவில்லை" என்றான் பெயரன்.

மேலும் பேசியிருப்போம். மணி ஐந்தரை ஆகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் உண்ண வேண்டுமென்று வீட்டில் காத்திருந்தார்கள். ஓட்டுநரைச் சற்று விரைந்து செல்லச் சொன்னோம்.