அம்மா இல்லாத கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் என்றதும் நம் மனத்தில் எழும் படத்தில் அம்மா அடுப்படியில் நிற்கிறாள். குடில், நட்சத்திரம், பிள்ளைகளின் புதுத்துணி எல்லாம் அவளைச் சுற்றியே நடக்கின்றன. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதியைப் பற்றி வகுப்பில் பேசும்போது அந்தப் படம் இடறுகிறது. 1923இல் ஒன்பது வயதுப் பாலையும் தங்கை கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு இருவரும் மலைக்குத் திரும்பினார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். மகன் அப்பாவை மறுபடி பார்க்கவேயில்லை.

மாணவிகள் கேட்பார்கள்: "எப்படி மேடம் அந்த அம்மாவுக்கு மனசு வந்துச்சு?" அப்பாவின் மனசை ஒருத்தியும் விசாரிப்பதில்லை. அவர் போனால் தியாகம், அவள் போனால் கல்நெஞ்சு.

அதற்காக ஈவ்லினைப் பெண் விடுதலையின் சின்னமாக்க நான் தயாரில்லை. அந்தக் குழந்தைகளிடம் சம்மதம் கேட்டது யார்? மலையில் பிறர் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவள், தன் பிள்ளைகளைக் கடிதத்தில் வளர்த்தாள். அவர்களுக்கு ஆக்கிப்போட்டுப் பண்டிகை காட்டியவர்கள் அவளுடைய மணமாகாத சகோதரிகள். (ஒரு பெண் வெளியேறினால் அந்த இடத்தை நிரப்ப இன்னொரு பெண்தான் வரவேண்டியிருக்கிறது.) அவர்களை யாரும் தியாகிகள் என்பதில்லை.

பால் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய பெரும் மருத்துவரானார். "பிள்ளை கெட்டா போனான்?" என்று அதைக் காட்டுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அவர் சாதாரண குமாஸ்தாவாக இருந்திருந்தால் ஈவ்லினுக்கு நாம் என்ன தீர்ப்பு எழுதியிருப்போம்?