வந்துரும்

அத்தைக்கு மூன்றாவது கீமோ முடிந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவள் போனை என் பக்கம் நீட்டினாள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. ரத்தக்குழாய்க்குள் குட்டி உருண்டைகள் நீந்துகின்றன. உடம்புக்கு வெளியே ஒரு காந்தம். உருண்டைகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பிப் போய்க் கட்டியில் ஒட்டிக்கொள்கின்றன. கட்டி கரைகிறது.

"ஏய்யா, நீ இன்ஜினியர்தான. இது நெசமா?"

"நெசந்தான் அத்தே. இன்னும் ரெண்டு மூணு வருசத்துல வந்துரும்."

அப்போது எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆபீஸில் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. 'அடுத்த ரிலீஸ்ல வந்துரும் சார்.' அதே குரலில் வாயில் வந்துவிட்டது.

அவளுக்கு ஏறிக்கொண்டிருந்தது டாக்ஸோரூபிசின். ரத்தச் சிவப்பு. ஏற்றிய மறுநாள் வரைக்கும் சிறுநீர்கூட சிவப்பாகப் போகும். அத்தை அதைச் 'செவப்புத் தண்ணி' என்பாள். ரத்தம் போகிற இடமெல்லாம் அது போகும். வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் அடிக்கும்: முடியின் வேர், வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை. இதயத்தையும் கெடுக்கும். அதனால் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கடுகு தாளிக்கிற வாசனைக்கே வாந்தி எடுக்கிற ஒருத்திக்கு அந்த வீடியோ என்னவாகத் தெரிந்திருக்கும்! அடிக்க வேண்டியதை மட்டும் அடிக்கும் மருந்து.

குற்ற உணர்ச்சியில்தான் படிக்க ஆரம்பித்தேன், பெங்களூர் திரும்புகிற பஸ்ஸில். முதல் அதிர்ச்சி, இது புதுசே இல்லை. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்திலேயே காந்தத் துகளில் டாக்ஸோரூபிசினை ஏற்றி எலிகளின் கட்டிக்கு இழுத்துப் பார்த்துவிட்டார்கள். 1996இல் ஆண்ட்ரியாஸ் லூபேயும் சக மருத்துவர்களும், பெர்லினில் மனிதர்களிடம் முதல்முறையாகச் செய்துபார்த்ததைக் 'கேன்சர் ரிசர்ச்' இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். எபிரூபிசின், அதாவது அத்தையின் செவப்புத் தண்ணிக்குத் தங்கச்சி முறை. அதைச் சுமந்தவை சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடு துகள்கள். மாவுச்சத்து வகைப் பூச்சு ஒன்றை அவற்றின் மேல் ஏற்றி, அந்தப் பூச்சில் மருந்தை ஒட்டவைத்திருந்தார்கள். பூச்சு இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போகும். பூச்சு இருந்தும் கணிசமான பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் குப்பை என்று நினைத்து வடித்துவிடும். கட்டிக்கு மேலே தோலருகில் காந்தத்தை வைத்துவிட்டு, நரம்பில் மருந்தை ஏற்றியிருக்கிறார்கள். 14 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் துகள்கள் கட்டியைப் போய்ச் சேர்ந்தன.

மிச்சப் பாதிப் பேருக்கு?

சின்ன வயதில் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டித் தெருமணலில் இழுத்துக்கொண்டு போவோம். இரும்புத்தூள் தாடி மாதிரி ஒட்டும். அரை அடி உயரத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு துணுக்குகூட வராது. அவ்வளவுதான் விஷயம். காந்தத்தின் இழுப்பு தூரம் போகப்போகச் சட்டென்று சரிந்துவிடும். 1842இல் எர்ன்ஷா எழுதிய தேற்றத்தின் வழி வந்தால் இன்னும் மோசம். அசையாத காந்தங்களை வெளியே எப்படி அடுக்கினாலும், உடம்பின் நடுவில் ஓர் இடத்தில் துகள்களைக் குவித்து நிறுத்த முடியாது. இழுப்பு பெரும்பாலும் காந்தம் இருக்கிற பக்கம்தான், அதாவது தோலை நோக்கி. கணையம் ஆழத்தில் இருக்கிறது. பரவிவிட்ட புற்றோ எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரியாத இடத்தில் காந்தத்தை எங்கே வைப்பது? 2016இல் டொராண்டோவில் வாரன் சானின் குழு பத்து வருட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. விலங்குகளுக்குச் செலுத்தப்பட்ட எல்லா வகை நானோ துகள்களிலும் கட்டியைச் சென்றடைந்த பங்கின் இடைநிலை அளவு 0.7 சதவீதம்.

ஆனால் பஸ்ஸில் என்னைத் தூங்கவிடாதது இந்தக் கணக்கு இல்லை, அந்த 14 பேர். மற்ற சிகிச்சைகள் கைவிட்ட பிறகு வந்தவர்கள். முதல் கட்டப் பரிசோதனை கேட்கிற கேள்வி 'குணமாகுமா' அல்ல, 'உடம்பு தாங்குமா'. படிவத்தில் அதை எழுதித்தான் கையெழுத்து வாங்குவார்கள். 1982இல் பால் அப்பெல்பாமும் சகாக்களும், மனநல ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் தங்களுக்குச் செய்யப்படுவதெல்லாம் தங்கள் நன்மைக்கே என்று நம்பியதைக் கவனித்தார்கள். சிகிச்சை மயக்கம் என்று அதைச் சொல்லலாம். பெர்லின்காரர்கள் என்ன நம்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாகக் கிடக்கிறவர் அந்தப் படிவத்தை எப்படி வாசிப்பார் என்று ஊகிக்க முடிகிறது. எழுத்தில் உண்மை இருக்கும், வாசிப்பில் ஆசை இருக்கும். அந்த ஆசையை வைத்துக்கொண்டுதான் மருத்துவம் ஓர் அடி முன்னால் வைக்கிறது. இது சரியா?

சரி என்று முழு மனதோடு சொல்ல எனக்கு வரவில்லை. ஆனாலும் அந்த மருத்துவர்கள் என்னைவிட நேர்மையானவர்கள். அவர்கள் காகிதத்திலாவது உள்ளதைச் சொன்னார்கள். என் வாக்கியத்தைப் பாருங்கள். 'வந்துரும்.' யாருக்கு என்று அதில் இல்லை. தமிழில் அதைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும், இலக்கணப் பிழையும் இல்லை. அத்தை அதில் 'எனக்கு' என்று சேர்த்துக் கேட்டுக்கொண்டாள். சேர்த்துக்கொள்வாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவளுக்கு ஆறுதல் வேண்டும் என்று சொன்னேனா, அந்தக் கட்டிலருகிலிருந்து சீக்கிரம் எழுந்து போகவேண்டும் என்று சொன்னேனா? இப்போது யோசித்தால் இரண்டாவதுதான் கூடுதல்.

அடுத்த முறை போனபோது சொல்லிவிட்டேன்.

"அத்தே, அந்தக் காந்த வைத்தியம்... நாஞ் சொன்னது தப்பு. இப்பதைக்கு வராது. வந்தாலும் யார் யாருக்கு ஆவும்னு தெரியல. செஞ்சு பாத்துக்கிட்டுதான் இருக்காங்க."

அவள் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வராதுன்னு எனக்குத் தெரியும்ல. ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒரு புள்ள படுத்துருந்தா. சின்ன வயசு. எம் மருமவன் இன்ஜினியரு, அவனே சொல்லிட்டான், ரெண்டு மூணு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருன்னு சொல்லிட்டு வந்தேன். இனி அவகிட்ட யாரு போய்ச் சொல்லுவா?"