சுவையும் தளையும்

மதுவைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. ஆயினும் இலக்கிய வகுப்பில் அமரும் மாணவனுக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. அதியமான் தன்னோடு பகிர்ந்த கள்ளை ஔவையார் புறநானூற்றில் நெகிழ்ந்து நினைவுகூர்கிறார். வள்ளுவரோ, ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்து அதனைக் கடிகிறார். இருவரும் நாம் போற்றும் சான்றோர். எவர் கூற்றைக் கொள்வது? குற்றம் கள்ளில் உள்ளதா, உண்பவனிடம் உள்ளதா, விற்பவனிடம் உள்ளதா?

முதலில் பொருளை நோக்குவோம். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய சாறு வடிகிறது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பின் அது பதநீராக நிற்கும். தடவாவிடின் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதனைக் கள்ளாக்கிவிடும். மேலும் விட்டுவைத்தால் புளித்துக் காடியாகும். மரம் ஒன்று, சாறும் ஒன்று. எனவே, இயற்கையின் மீது குற்றம் சுமத்துதல் பொருந்தாது.

இந்த இயற்கை விளைவே இன்று சில நாடுகளில் ஒரு கலையாக வளர்ந்துள்ளது. குளிர்நாட்டுப் பயிரெனக் கருதப்பட்ட திராட்சையைப் பாலித் தீவில் வளர்த்து, ஹாட்டன் என்னும் நிறுவனம் 1994 முதல் ஒயின் வடிக்கின்றது. ஹவாயைச் சேர்ந்த மாவி தீவில் அன்னாசியிலிருந்தும் ஒயின் எடுக்கின்றனர். அங்குச் செல்லும் பயணி சிறு கிண்ணத்தில் ஒரு வாய் பெறுகிறான், நிறத்தை நோக்குகிறான், மணத்தை முகர்கிறான், நாவில் நிறுத்திச் சுவையை ஆராய்கிறான். தேர்ந்த சுவைஞர் பலர் அதனை விழுங்காமலே உமிழ்ந்தும் விடுவர். பின்னர்த் தம் வழியே செல்வர். அவர்களை எவரும் குடியர் என்று இகழ்வதில்லை.

இனி நம் பேராக் மாநிலத்துப் பீடோரை நோக்குவோம். இன்று அவ்வழியே செல்வோர் சாலையோரக் கடைகளில் கொய்யாக் கனிகளையும், ஊரைச் சூழ்ந்து செம்பனைத் தோட்டங்களையும் காண்பர். ஒரு காலத்தில் இவ்வட்டாரம் ரப்பர் தோட்டங்களின் நிலம். மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற தொழிலாளி, பிற்பகலில் ஓய்ந்து திரும்பும் வழியில், உரிமம் பெற்ற கள்ளுக்கடை அவனுக்காகத் திறந்திருந்தது. நூலகம் இல்லாத தோட்டத்திலும் அது இருந்தது. காலையில் உழைப்பாய்க் கொடுத்ததற்குக் கிடைத்த கூலி, மாலையில் கள்ளாய்க் கரைந்தது. அவனை மட்டும் உலகம் குடியன் என்றது.

இருவர் கையிலும் இருந்தது நொதித்த சாறே. அளவில் மட்டுமா வேறுபாடு? அன்று. பயணிக்கு மறுக்கும் உரிமை இருந்தது. செல்ல வேறிடம் இருந்தது. தொழிலாளிக்கோ களைப்பும், தனிமையும், அருகிலேயே ஒரு கடையும் இருந்தன. சுவைத்தல் என்பது விடுதலை உடையவனின் செயல். விடுதலை குன்றிய இடத்தில் அதே கிண்ணம் தளையாகிவிடுகின்றது.

இவ்வுண்மையைத் தொழிலாளர்களே முதலில் உணர்ந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாயிற்று. தோட்டத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அப்பட்டியலிலேயே இடம்பெற்றது. கள்ளும் கைகட்டி நிற்றலும் ஒரே அடிமைத்தனத்தின் இரு முகங்கள் என அவர்கள் தெளிந்திருந்தனர் எனலாம். போருக்குப் பின், கெடா மாநிலத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையும் கள்ளெதிர்ப்பைத் தன் முதற்பணிகளுள் ஒன்றாக ஏற்றது.

அங்ஙனமாயின் உண்டவன் குற்றமற்றவனோ? அவ்வாறு கூறுவது அவனை மனிதனாக மதியாமையாகும். அவன் வீட்டில் உலைநீர் கொதிக்க, அரிசிக்குக் காத்திருந்தவளின் துயரை எவ்வாதமும் துடைக்காது. அதே வறுமையில், அதே கடையைக் கடந்து, கள்ளைத் தீண்டாமல் வீடு திரும்பியோரும் இருந்தனர். சூழல் பொறுப்பைப் பங்கிடுமேயன்றிப் போக்கிவிடாது. உண்டவனைக் கண்டிப்பவர் விற்றவனையும் கண்டித்தல் வேண்டும். விற்றவனைச் சாடுவோர் உண்டவனின் கடமையை மறத்தலும் கூடாது.

இந்நோக்கில் ஔவையாரும் வள்ளுவரும் முரண்படவில்லை. அதியமான், சிறிதளவே கிடைத்தால் அதனைப் புலவருக்கு ஈந்தான். மிகுதியாகக் கிடைத்தபோது அவர் பாடத் தானும் உண்டு மகிழ்ந்தான். அங்குப் போற்றப்படுவது கள்ளன்று, பகிர்ந்த நட்பே. வள்ளுவர் கள்ளுண்ணாமையை வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே வைத்தார். பொருளைக் கொடுத்துத் தன்னையும் இழக்கும் வழிகள் அவை மூன்றும் அன்றோ?

இன்று தோட்டங்கள் பல கலைந்தன. அங்கு வாழ்ந்தோரின் பிள்ளைகள் நகரங்களில் வாழ்கின்றனர். கள்ளுக்கடை இல்லாத இடத்திலும் மது வேறு பெயரோடும் அழகிய புட்டியோடும் வந்து நிற்கின்றது. ஆசிரியர், ‘தீண்டாதே’ என்று அச்சுறுத்துவதோடு அமைந்துவிடலாகாது. ‘இதனை மறுக்கும் ஆற்றல் என்னிடம் உண்டா?’ எனத் தன்னைத் தானே வினவும் பழக்கத்தை மாணவனுக்கு ஊட்டுதல் வேண்டும். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு சாற்றைக் காப்பது போல, இளமையில் பதிந்த அவ்வினா வாழ்வைக் காக்கும்.