மருந்து யாருடையது?

நம் காசில் வாங்கிய மாத்திரை நமக்கே சொந்தம். விழுங்குவதும் நிறுத்துவதும் நம் இஷ்டம் என்று எண்ணுகிறோம். இது சரிதானா?

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டு நோபல் பரிசு உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்காக ஒருவன் தானாகவே பெனிசிலின் வாங்கி, போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் சாகவில்லை, மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. பிறகு அவை அவன் மனைவியைப் பற்றுகின்றன. அவளுக்குப் பெனிசிலின் பலிக்கவில்லை, இறந்துபோகிறாள். அந்தச் சாவுக்குக் கணவனே பொறுப்பு என்பது பிளெமிங்கின் தீர்ப்பு.

நியாயமான தீர்ப்புதான். ஆனால், நீர்க்கடுப்பால் துடிக்கும் ஒரு பெண்ணை அதே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பாருங்கள். குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமி சிறுநீர்ப் பாதையில் ஏறுவதாலேயே பெரும்பாலும் இந்நோய் வருகிறது. பெண்களுக்கு அந்தப் பாதை குட்டையானது. ஆகவே அவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கம். பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையின் உறையை மருந்துக் கடையில் நீட்டுகிறாள். இரண்டு நாளில் எரிச்சல் தணிந்ததும் மிச்சத்தை அலமாரியில் போடுகிறாள். பிழைத்த கிருமிகள் அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். அவளோடு நில்லாமல் பிறரிடமும் பரவலாம்.

அவள் செய்தது தவறுதான். ஆயினும், அவளை வாய்திறக்க விடாத வீடும், சீட்டுக் கேட்காமல் விற்ற கடைக்காரரும் கூண்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாமா? மருந்தின் வீரியம் ஊர்க் கிணற்று நீரைப் போலப் பொதுச் சொத்து. மருத்துவர் சொன்ன மருந்தைச் சொன்ன நாள்வரை உண்பது அவள் கடமை. “எனக்கு நீர்க்கடுப்பு, டாக்டரிடம் போக வேண்டும்” என்று அவள் கூசாமல் சொல்லும்படி வீட்டை வைத்திருப்பது நம் கடமை.