எறும்பின் குரல்

ஹரி பொட்டர் போன்ற கதைகளில் சூனியம் வருகிறதென்று அவற்றைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைப்போர் நம்மிடையே உண்டு. ஆனால் அந்த மந்திர உலகிலும் ஒரு சட்டம் இருக்கிறது: 17 வயது நிரம்பும்வரை பாடசாலைக்கு வெளியே மந்திரம் செய்யக் கூடாது. ஆற்றல் முந்தி வரும், பக்குவம் பிந்தியே வரும் என்றறிந்த சட்டம் அது.

யாழ் குடாநாட்டில் அந்த எல்லை காக்கப்படவில்லை. புலிகள் இயக்கம் பதின்ம வயதினரின் கைகளிலும் துப்பாக்கியைக் கொடுத்தது. அதே இயக்கம் 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற இரண்டு மணி நேரமே கொடுத்தது. கட்டளையிட்டவர்கள் பெரியவர்களே. அப்படியானால் வயது மட்டும் பக்குவமாகாது.

காற்றும் ஜின்களும் சுலைமான் நபிக்கு (அலை) வசப்பட்டிருந்தன. அவரது படை அறியாமல் மிதித்துவிடுமென அஞ்சிய ஓர் எறும்பு, தன் கூட்டத்தை வீடுகளுக்குள் போகச் சொன்னது. அதைக் கேட்டு நபி புன்னகைத்தார். நன்றியுள்ள மனதை இறைவனிடம் வேண்டினார்.

எங்கள் வீடுகளிலிருந்து எழுந்த குரலை அன்று எவரும் கேட்கவில்லை. ஆகவே இத்தகைய நூலொன்றைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் நான் பார்ப்பது இதைத்தான்: ஆற்றல் பெற்றவனுக்குக் காலடியில் எழும் குரல் கேட்கிறதா?