கடைமடை ஏரி

கலிஃபோர்னியாவின் மோனோ ஏரிக்குத் தண்ணீர் வர வழியுண்டு, வெளியேற வழி கிடையாது. வந்த நீர் ஆவியாகிவிடும்; அது சுமந்துவந்த உப்பு தங்கிவிடும். அந்த உவர்ப்பில் மீன் பிழைக்காது. உப்புநீர் இறாலும் ஒருவகை ஈயும் மட்டும் கோடிக்கணக்கில் பெருகும். அவற்றைத் தின்று கொழுக்க, இலையுதிர் காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முக்குளிப்பான்கள் வந்திறங்கும்.

1941-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இந்த ஏரியின் ஓடைகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. திருட்டாக அல்ல, முறைப்படி அனுமதி வாங்கித்தான். 1982-க்குள் நீர்மட்டம் சுமார் 45 அடி இறங்கியது, உவர்ப்பு இரட்டித்தது. இடையில் 1979-இல் நெகிட் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ள, கயோட்டி என்னும் நரிகள் நடந்தே உள்ளே போயின. அங்கே கூடுகட்டியிருந்த ஆயிரக்கணக்கான கடற்காகங்கள் தீவைக் கைவிட்டன.

நகரத்தின் பக்கம் நின்று, குழந்தையின் தொண்டையா, பறவையின் இரையா என்று கேட்டால் யாரும் குழந்தையின் பக்கமே நிற்பார்கள். ஆனால் கேள்வியே பிசகு. அந்தத் தண்ணீரில் தொண்டையை நனைத்தது எவ்வளவு, புல்தரையும் கழிப்பறைத் தொட்டியும் குடித்தது எவ்வளவு? பின்னாளில் நகரம் சிக்கனம் பழகியது. பத்து லட்சம் பேர் கூடுதலாகக் குடியேறியும் 1970-இல் செலவானதைவிடக் குறைந்த நீரே அங்கு செலவாகிறது. மனிதர் ஒருபுறம், பறவை மறுபுறம் என்ற பிரிப்பும் பொருந்தாது. அந்த ஈயின் கூட்டுப்புழுக்களைத் திரட்டி உலர்த்தி உண்டு வாழ்ந்த குட்ஸாடிகா பழங்குடியினர் எந்தப் புறம்?

மேல்மடைக்காரர் பாய்ச்சிக்கொண்டாலும் கடைமடைக்கும் பங்குண்டு என்பது வயல்வெளி நியாயம். 1983-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றது: ஏரி, மக்களுக்காக அரசு காக்கவேண்டிய பொதுச்சொத்து, ஒருமுறை கொடுத்த நீருரிமையையும் மறுபடி ஆராயலாம். 'மக்களுக்காக' என்ற அந்தச் சொல்லுக்குள் பறவை விருந்தாளியாகத்தான் நுழைகிறது. சட்டத்தின் கை அவ்வளவுதான் நீளும் போலும்.

நகரத்தின் வாதத்தில் வலுவான பகுதி வேறு. இங்கே விட்டுக்கொடுக்கும் நீரை இன்னொரு ஆற்றிலிருந்து எடுக்கவேண்டி வரும். அங்கும் பறவைகள் இருக்கும். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஓர் ஏரியை நிரப்ப மற்றோர் ஆற்றை வற்றவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை. ஏரிக்காகப் போராடியவர்கள் சிக்கனத்தையும் கழிவுநீர் மறுசுழற்சியையும் விடாமல் வலியுறுத்தியது இதனால்தான்.

1994-இல் மாநில நீர் வாரியம் ஏரி 6,392 அடி மட்டத்துக்கு உயரவேண்டும் என்று ஆணையிட்டது. முப்பது ஆண்டு ஓடியும் நீர் அதை எட்டவில்லை. நகரம் அளவைக் குறைத்துக்கொண்டாலும் எடுப்பதை நிறுத்தவில்லை. பாக்கியைச் சிறுகச்சிறுகத் தீர்ப்பவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. ஆனால் வருடந்தோறும் கூடுகட்டும் பறவைக்குத் தவணை என்பது என்ன? 2017-இல் நெகிட் தீவுக்குப் போகும் வழியில், நரிகள் ஏறாமலிருக்க மின்வேலி போடவேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் நின்றது.